ஊரிலிருந்து டிவிடி பிளேயர் கொண்டு வருகிறீர்களா? மஞ்சள் வயரா, எச்டிஎம்ஐயா?

கனடாவுக்குக் கிளம்பும்போது கல்யாண டிவிடியைப் பெட்டியில் வைக்க யாரும் மறப்பதில்லை. அதைப் போட்டுப் பார்க்க வீட்டிலிருந்த பிளேயரையும் சிலர் எடுத்து வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். டிஸ்க் கட்டாயம் வரட்டும். பிளேயர் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

முதலில் அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். வெறும் 230 என்றால் ஊரிலேயே விட்டுவிடுங்கள், இங்கே மின்சாரம் 120 வோல்ட்.

அப்புறம் வயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் உள்ள பழைய வயரில் படம் வருவது மஞ்சளில் மட்டும்தான். இதற்குக் காம்போசிட் என்று பெயர். வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும், டிவி அவற்றை மறுபடி பிரிக்க வேண்டும். அது முழுசாக முடியாது. அதனால்தான் சின்னக் கட்டம் போட்ட சேலையில் வானவில் மாதிரி நிறம் நெளியும், எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள்.

படத்துக்கு மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனை இருந்தால் அது காம்போனென்ட். அதுவும் டிஜிட்டல் அல்லாத அனலாக்தான், ஆனால் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக வரும். பிளேயரில் புரோகிரசிவ் ஸ்கேனையும் (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்று அனுப்பாமல் முழுப் படமாக அனுப்பும் முறை) ஆன் செய்தால், டிவிடியைப் பொறுத்தவரை எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் வயருக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும்.

வந்த முதல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண டிவிடியைப் போட்டோம். அம்மாவின் அரக்குப் புடவை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. முழுப் படமும் கருப்பு வெள்ளை. டிவியில் பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒன்றாகவே இருந்தன. மஞ்சளை அதில் செருகிவிட்டு, ரிமோட்டில் காம்போனென்டைத் தேர்ந்திருந்தேன். மஞ்சள் வயருக்கான ‘ஏவி’க்கு மாற்றியதும் நிறம் வந்தது, ஆனால் படம் நிலையில்லாமல் மேலே மேலே உருண்டது.

இதுதான் முக்கியமான விஷயம். நம் ஊர் டிஸ்க் ‘பால்’ முறையில் பதிவானது: 576 வரி, நொடிக்கு 25 படம். கனடாவில் என்டிஎஸ்சி: 480 வரி, கிட்டத்தட்ட 30 படம். எச்டிஎம்ஐ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. படம் தெளிவாக வரும், ஒலியும் அதே வயரில் வரும். ஆனால் பிளேயர் பால் முறைக்கான 50 ஹெர்ட்ஸில் அனுப்பினால் இங்குள்ள சில டிவிகள் ஏற்காது, திரை இருட்டாகவே இருக்கும்.

ஆகவே செட்டப் மெனுவில் ‘டிவி சிஸ்டம்’ என்பதை என்டிஎஸ்சிக்கு மாற்றுங்கள். அப்படி வைத்தால் பல பிளேயர்கள் பால் டிஸ்க்கையும் என்டிஎஸ்சியாக மாற்றி அனுப்பும். இதை ஊரிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள், இங்கே வந்தபின் உருளும் படத்தில் மெனுவைப் படிக்கவே முடியாது. டிஸ்க் உள்ளே இருந்தால் சில பிளேயர்கள் மாற்ற விடாது, வெளியே எடுத்துவிடுங்கள்.

எச்டிஎம்ஐ வயருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மட்டமான வயர் என்றால் படத்தில் பொறிகள் தெறிக்கும் அல்லது படம் விட்டுவிட்டு வரும். நிறம் மங்குவதெல்லாம் அனலாக் வயரின் கோளாறு. ஒன்றிரண்டு மீட்டருக்குச் சாதாரண வயரே போதும்.

ப்ளூ-ரே வாங்குவதாக இருந்தால் எச்டிஎம்ஐ இல்லாத டிவியை மறந்துவிடுங்கள். திருட்டு நகலைத் தடுக்கும் உரிம விதிப்படி, 2011 முதல் தயாரான பிளேயர்கள் ப்ளூ-ரே படத்தை அனலாக்கில் சாதாரணத் தரத்தில்தான் விடும். 2014 முதல் தயாரானவற்றில் அதுவும் கிடையாது.

கடையில் வாங்கிய டிவிடிக்கு இன்னொரு சிக்கல், ரீஜியன்: எந்தப் பகுதிக்கான பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போடும் பூட்டு. இந்தியா 5, கனடா 1. கல்யாண டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இருக்காது. ஆனால் அது ரைட்டரில் எழுதிய டிஸ்க், வருடம் போகப் போகப் படிக்காமல் போகலாம். எந்த வயரில் பார்த்தாலும் சரி, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

உங்கள் பிளேயரின் பின்பக்கத்தையும் டிவியின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். எந்தத் துளையில் எந்த வயர் என்று பார்த்துச் சொல்கிறேன்.