பவர் பிரஸ்ல விரல் போனப்போ என்ன நடந்துச்சு? பார்த்ததைப் பகிருங்க

பிரஸ் ஷாப், அம்பத்தூர்:
40 டன் பிரஸ், தகட்டை வெட்டுற பிளாங்கிங் டை (அச்சு). ஆட்காட்டி விரல் நடு மூட்டோட போயிடுச்சு. வெட்டு சுத்தமா இருந்துச்சு. விரலை யாரோ டம்ளர் நிறைய ஐஸ்கட்டி போட்டு அதுக்குள்ள சொருகிட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய எடுத்தப்போ வெள்ளை வெளேர்னு கல்லு மாதிரி விறைச்சுக் கிடந்துச்சு. சதை உறைஞ்சுடுச்சு, ஒட்ட முடியாதுன்னுட்டார். சீக்கிரம் கொண்டு போயும் வீண். அந்த டம்ளர்தான் இன்னும் கண்ணுலயே நிக்குது.

வெல்டிங் செக்‌ஷன், ஓசூர்:
எங்க யூனிட்ல விரலடியில ஒயரை இறுக்கிக் கட்டினதும் ரத்தம் டக்குனு நின்னுது. அதையும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கணும்.

தொழிற்சாலை நர்ஸ், கோவை:
ஓசூர் அண்ணா, தயவுசெஞ்சு சொல்லிக் கொடுக்காதீங்க. விரலோட ரெண்டு பக்கமும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது. ஒயர் அதை நசுக்கிடும், டாக்டர் தைக்க வேண்டியதே அதைத்தான். விரலுக்கு அழுத்தமே போதும். காஸ் துணியை மடிச்சு வெச்சு, கையைத் தூக்கிப் பிடிச்சு, 10 நிமிஷம் விடாம அழுத்துங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பார்த்தா உறைஞ்ச ரத்தம் பிய்ஞ்சு மறுபடி கொட்டும். பஞ்சு வேண்டாம், காயத்துல ஒட்டிக்கும். அந்தக் கையில மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.

துண்டான விரலைத் தேய்ச்சுக் கழுவாதீங்க, டெட்டால் ஊத்தாதீங்க. சலைன்ல நனைச்சுப் பிழிஞ்ச காஸ்ல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு மூடுங்க. அந்தக் கவரைப் பாதி ஐஸ், பாதி தண்ணி இருக்கிற இன்னொரு கவர்ல வைங்க. தண்ணி கட்டாயம் வேணும். ப்ரீசர்ல இருந்து எடுத்த வெறும் ஐஸ் மைனஸ்ல இருக்கும், அதான் அம்பத்தூர்ல விரலைக் கெடுத்துச்சு. இப்படி வெச்சா விரல் 24 மணி நேரம் வரைக்கும் தாங்கலாம். மணிக்கட்டுக்கு மேல துண்டானா தசை இருக்கு, 6 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அடிபட்டவருக்கு டீ, தண்ணி எதுவும் தராதீங்க, ஆபரேஷனுக்கு மயக்கமருந்து குடுக்கணும். 108 வர்றதுக்குள்ள மைக்ரோசர்ஜரி (நுண்ணிய ரத்தக்குழாய், நரம்பைத் தைக்கிற ஆபரேஷன்) எங்க இருக்குன்னு போன் போட்டுக் கேட்டுடுங்க. இல்லேன்னா ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொண்ணுக்கு அலையறதுலயே நேரம் போயிடும்.

சேஃப்டி ஆபீசர், ஸ்ரீபெரும்புதூர்:
நர்ஸம்மா சொன்ன சலைன், காஸ் முதலுதவிப் பெட்டியில இருந்தாத்தானே? ஒரு ஷாப்ல பெட்டியைத் திறந்தா லாக்கர் சாவியும் தலைவலி மாத்திரையும்தான் இருந்துச்சு. முதலுதவிச் சாமான் தவிர வேற எதையும் அதுல வைக்கக் கூடாதுன்னு 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 45-வது பிரிவுலயே இருந்துச்சு. 150 பேருக்கு ஒரு பெட்டின்னும் அதே பிரிவுதான் சொல்லுச்சு.

அம்பத்தூர் சார், அந்த பிரஸ்ல ரெண்டு கை பட்டனைப் பார்த்தீங்களா? ஒண்ணை டேப் போட்டு அமுக்கி வெச்சுட்டு, இன்னொரு கையை டைக்குள்ள விடுற ஷாப் நிறைய இருக்கு. ரெண்டு பட்டனையும் அரை செகண்டுக்குள்ள சேர்த்து அமுக்கினாத்தான் ராம் (டை மேல வந்து அடிக்கிற பாகம்) இறங்கணும், அடுத்த ஸ்ட்ரோக்குக்கு ரெண்டையும் விட்டுட்டுத் திரும்ப அமுக்கணும். இதைக் கவனிக்கிற ரிலே (கன்ட்ரோல் சுவிட்ச்) இருந்தா டேப் ஒட்டியும் மெஷின் ஓடாது. நாளைக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சுட்டே இன்னொண்ணைத் தட்டிப் பாருங்க. ராம் இறங்கினா மெயினை ஆஃப் பண்ணிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்க.