மறுமொழி: பெல்விக் ஃப்ளோர் தசைகளுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். இடுப்பின் அடியில் சிறுநீர்ப்பை போன்ற உறுப்புகளைத் தாங்கும் பெல்விக் ஃப்ளோர் தசைகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> “இடுப்புத்தளத் தசை” ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்குகிறது ஐயா, மறுக்கவில்லை. மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் என்றால் அதோடு விட்டுவிடுவேன். நமக்குச் சொல் தேவைப்படுவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள பெண்கள், பக்கத்தில் யாரும் இல்லாமல், படித்துப் பார்த்துத் தாங்களே இந்தத் தசைகளுக்குப் பயிற்சி செய்யப்போகும் ஒரு கையேட்டுக்கு. (“தண்டுவட மரப்பு நோய்” என்று எழுதுகிறார்கள். மூளையும் பாதிக்கப்படுகிற நோய் என்பதால் அந்தப் பெயரை நான் தவிர்த்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.)

இயன்முறை மருத்துவத்தில் இருப்பதால் சொல்கிறேன். “இடுப்புப் பயிற்சி” என்றதும் பலருக்குக் கை இடுப்புக்குப் போகும், உடம்பு பக்கவாட்டில் வளையும். “அடிவயிற்றை இறுக்குங்கள்” என்றால் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே தள்ளும். எந்தத் தசையை மேலே தூக்க வேண்டுமோ, அதன் தலையிலேயே பாரம் ஏறும். ஆகவே கடந்த வாரம் வந்த “அடிவயிற்றுத் தசை” என்ற முன்மொழிவை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தத் தசைகள் முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, தூளி போலத் தொய்ந்து கிடக்கின்றன. பெண்களுக்குச் சிறுநீர்வழி, யோனி, மலக்குடல் மூன்றும் இவற்றின் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. இறுக்கினால் மேலெழும், விட்டால் இறங்கும். “தளம்” என்ற சொல்லில் அசைவே தெரியவில்லை, தட்டையாக நிற்கிறது. “கூபகத்தளம்” என்ற இன்னொரு சொல் பாடநூலுக்குப் பொருந்தலாம். கூபம் என்றால் கிணறு, குழி என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

என் முன்மொழிவு: இடுப்படித் தசைகள். காலடி, மரத்தடி, அடுப்படி என்று நாம் சொல்லும் அதே அமைப்பு. இடுப்பின் கீழ்ப்பகுதி என்று கேட்டவுடன் புரியும். “இடுப்பில் அடி பட்டதாக நினைக்க மாட்டார்களா?” என்று தோழி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். “தசை” என்று சேர்த்து எழுதும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பயிற்சியின் பெயர். எனக்கு அதிக அக்கறை இதில்தான். அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இதைப் பற்றி எழுதியபோது, பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசைகளே அவர் கவலை. அதனால் “வலுவூட்டும் பயிற்சி” என்ற பெயர் அங்கே சரி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கதை வேறு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே போகும் நரம்புச் செய்தி கெடுவதால், சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறையும் முன்பே அது சுருங்கத் தொடங்கும். சிலருக்குப் பை சுருங்கும் அதே நேரத்தில் நீர் வெளியேறும் வாயில் (வாசல்) திறக்க மறுக்கும், நீர் உள்ளேயே தங்கும். ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. வாயிலைத் திறக்கச் சிரமப்படுகிறவரிடம் போய் “வலுவூட்டுங்கள், இறுக்குங்கள்” என்று மட்டும் சொல்வது ஆபத்து. அவருக்குத் தளர்த்தக் கற்பதே முதல் பாடம். எனவே பெயரிலேயே இரண்டும் இருக்கட்டும்: இறுக்கித் தளர்த்தும் பயிற்சி.

கையேட்டில் இப்படி வரும்:

“மூச்சு இயல்பாக ஓடட்டும். காற்று பிரிவதை அடக்குவதுபோல் மலவாயைச் சுற்றி உள்ளிழுத்து, அந்த இழுப்பை முன்னால் சிறுநீர்த்துளை வரை கொண்டுவாருங்கள். 3 விநாடி நிறுத்துங்கள். விடுங்கள். முழுவதும் விட்டுவிட்டதை உணர்ந்த பிறகே அடுத்தது. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது.”

பழகப் பழக 10 விநாடி வரை நீட்டலாம். இருமினால் கசியும் பெண்களுக்கு, வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்று பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு சொல்கிறது. இந்நோயின் சோர்வு தெரிந்தவர்கள் இந்த எண்ணை அப்படியே திணிக்க மாட்டார்கள். படுத்துக்கொண்டு, உடம்பில் தெம்பு இருக்கும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் செய்யலாம். நீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் அறிவுரையைக் கையேட்டில் சேர்க்கவே வேண்டாம்.

திடீரென்று அடக்க முடியாமல் வரும் சிறுநீர் உணர்வுக்கு “உந்துணர்வு” என்று ஒருவர் எழுதியிருந்தார். “முட்டிக்கொண்டு வருது” என்று எல்லோரும் சொல்லும்போது முட்டல் போதாதா? “முட்டல் வந்ததும் ஓடாதீர்கள். நின்று அல்லது உட்கார்ந்து, 5, 6 முறை வேகமாக இறுக்கி விடுங்கள். பை சற்று அடங்கும். பிறகு நிதானமாக நடந்து போங்கள்” என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது. கால் பலவீனமாக உள்ளவர் அவசரத்தில் ஓடி விழுவதையும் இது தடுக்கும்.

கழித்த பிறகும் பையில் தங்குவதற்கு எச்சநீர் என்பதை அப்படியே ஏற்கிறேன். இந்தச் சொல் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். பயிற்சி தொடங்கும் முன், நீர் கழித்தவுடன் ஸ்கேன் எடுத்து எச்சநீர் எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. நிறையத் தங்கினால் கிருமித்தொற்று வரும், காய்ச்சல் வந்தால் நடை, பார்வை, சோர்வு என்று மற்றத் தொல்லைகளும் கொஞ்ச காலத்துக்குக் கூடும்.

பை சுருங்கும்போது வாயில் இறுகிக்கொள்ளும் நிலைக்கு, டிஸ்சினெர்ஜியாவுக்கு, நல்ல சொல் இன்னும் கிடைக்கவில்லை. “ஒத்திசைவின்மை” பொதுவாக இருக்கிறது. “முரண்சுருக்கம்” எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது, ஆனால் சுருக்கெழுத்து போல ஒலிக்கிறதோ என்ற ஐயம். உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.

அன்புடன்.