கம்பைத் தாண்டிய தக்காளி: நுனியைக் கிள்ளலாமா, தண்டை இறக்கலாமா?

ஆறடிக் கம்பு நட்டால் தக்காளி அதோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறோம். கொடி மாதிரி ஏறும் ரகங்களுக்கு அப்படி நிற்கும் இடமே கிடையாது. கம்பு முடிந்ததும் நுனி கொஞ்ச நாள் நேராக நிற்கும், அப்புறம் தன் பாரத்திலேயே தலைகுப்புற வளையும். அந்த வளைவுக்கு அப்பால் காய் பிடித்துவிட்டால் அடுத்த பலமான காற்றுக்கு முறியும். பல பருவங்களாக இந்த மாதிரி செடிகளோடு மல்லுக்கட்டி வருவதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் செடி எந்த வகை என்று பாருங்கள். விதைப் பாக்கெட்டைத் தேட வேண்டாம், செடியே சொல்லிவிடும். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று இலை, திரும்பவும் மூன்று இலை என்று போய்க்கொண்டே இருந்தால் அது நிற்காமல் வளரும் வகை. ஒன்றிரண்டு இலைக்கே கொத்து வந்து, கடைசியில் நுனியே பூங்கொத்தாக முடிந்தால் அது குட்டை வகை. குட்டை வகையில் பக்கக் கிளையைக் கிள்ளினால் விளைச்சலைத்தான் கிள்ளி எறிகிறோம். அதன் மேல் கை வைக்காதீர்கள்.

நெட்டை வகைதான் என்றால், உயரத்தைவிட மீதியிருக்கும் காலத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பூ பிஞ்சாகி, காயாகி, பழுக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். இன்று உச்சியில் விரிந்திருக்கும் பூவுக்கு அவ்வளவு நாள் கிடைக்குமா? அதற்குள் பனியோ, கொளுத்தும் வெயிலோ, அடைமழையோ வந்துவிடும் என்றால் நுனியை எடுத்துவிடலாம். செடி மேலே செலவழிக்கும் சத்து, ஏற்கெனவே பிடித்திருக்கும் காய்களுக்குப் போகும்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வைத்துக்கொள்ள நினைக்கும் கடைசிக் கொத்துக்கு மேலே இரண்டு இலையை விட்டு, அதற்கு மேல் வெட்டுங்கள். அந்த இரண்டு இலைதான் கொத்துக்குச் சோறும் நிழலும். கொத்தை ஒட்டி மொட்டையாக வெட்டினால் வெயில் நேரே காயில் விழும். தோல் வெளுத்து, காகிதம் போலச் சுருங்கி, அந்த இடத்தில் பூஞ்சணம் ஏறும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரே மூச்சில் பாதிக்கு மேல் இலையைக் கழித்துவிட்டார். மிச்சமிருந்த இலையெல்லாம் குழல் மாதிரி சுருண்டது, வெயில் பட்ட பக்கத்துக் காய்கள் அத்தனையும் வெந்துபோயின. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமையைக் குறைக்கவே கூடாது என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

நுனியை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உச்சிக் கொழுந்து இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கும். அது போனதும் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் கிளை புறப்படும். இடுக்கில் வருவது கிளை. இடுக்கு இல்லாமல் தண்டின் பக்கவாட்டில் நேரே வருவது பூங்கொத்து. இது பிடிபட்டுவிட்டால் கை தவறாது. விரல் நீளத்துக்குள் இருக்கும்போது காலையில் கட்டைவிரலால் பக்கவாட்டில் சாய்த்தால் ‘டக்’கென்று ஒடியும், காயமும் சீக்கிரம் காய்ந்துவிடும். பென்சில் தடிமனுக்கு வந்ததைப் பிய்த்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரியும். அதை முழுதாக எடுக்காமல் இரண்டு இலையை விட்டு நுனியை மட்டும் கிள்ளுகிறேன். வெயில் கடுமையாக இருக்கும் காலத்தில் அந்த இலைகள் காய்க்குக் குடை. வேலை முடிந்து கை கழுவும்போது நுரை மஞ்சள் பச்சையாக ஓடும், பயப்பட வேண்டாம், தண்டின் ரோமத்தில் ஒட்டியிருக்கும் பசைதான் அது.

இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் கவாத்து, அதாவது இந்த வெட்டும் கிள்ளும் வேலை வேண்டாம், நோய் கையோடு செடி விட்டுச் செடி போகும். புகையிலை தொட்ட கையையும் கழுவிவிட்டே வாருங்கள், தேமல் நோய்க் கிருமி அதில் இருக்கலாம்.

சரி, பருவம் நிறைய மீதி இருக்கிறது, ஆனால் கம்பு முடிந்துவிட்டது. அப்போது வெட்ட எனக்கு மனசு வராது, தண்டைக் கீழே இறக்கிவிடுவேன். பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்: மேலே கம்பியில் கூடுதல் கயிற்றைச் சுற்றி வைத்து, செடி உயர உயர அவிழ்த்து இறக்கிப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். தண்டு 10 மீட்டரைத் தாண்டினாலும் காய்க்கும் பகுதி கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும். வீட்டில் செய்யும்போது முதலில் அடியில் பழம் பறித்து முடிந்த பகுதியின் இலைகளை எடுத்துவிடுங்கள். கட்டுகளை அவிழ்த்து, இரண்டு கையாலும் தாங்கி, பெரிய வளையமாகச் சாய்த்து விடுங்கள். இதற்குக் காலை நேரம் ஆகாது. அப்போது தண்டு நீரேறி விறைப்பாக இருக்கும், வளைத்தால் உடையும். பிற்பகலில் சற்றுத் துவண்டிருக்கும்போது சொன்னபடி வளையும்.

வளைக்கும்போதோ காற்றிலோ தண்டு பாதி முறிந்தால் உடனே வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஒரு பக்கத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். புயல்காற்றில் மடங்கிய ஒரு செடியை நிமிர்த்தி, குச்சி வைத்து, பருத்தித் துணியால் கட்டினேன். மேலே இருந்த இலைகள் அன்று தொங்கின, மறுநாள் நிமிர்ந்தன. முறிந்த இடம் முண்டு கட்டி முன்பைவிடத் தடித்துவிட்டது, அதற்கு மேலே இருந்த கொத்துகளும் பழுத்தன.

முழுதாக ஒடிந்த நுனியையும், கிள்ளிய பெரிய கிளையையும் கீழ் இலைகளை நீக்கிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை வேர் விடும், நட்டால் புதுச் செடி. காலம் மீதியிருந்தால் அதுவே அடுத்த விளைச்சல்.

நுனி எடுத்த செடிக்குத் தண்ணீரை மட்டும் ஒரே சீராகக் கொடுங்கள். இலை குறைந்திருக்கிற நேரத்தில் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் செங்காய்கள் வெடிக்கும். பருவம் முடியும்போது பழுக்காமல் நிற்பவற்றில், முழு அளவுக்கு வந்து பச்சை வெளுத்தவற்றைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும். கரும்பச்சையாக இருக்கும் சின்னக் காய்கள் பழுக்காது, அவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.