ஏஐ உள்ள இடமா, கஃப் போடும் டாக்டரா? அப்பாவுக்குக் கொலனோஸ்கோபி

தண்டையார்பேட்டைவாசி:
அப்பாவுக்கு 58 வயது. மலப் பரிசோதனையில் ரத்தக்கசிவு தெரிந்ததால் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரம்பூரில் ஓர் இடத்தில் "எங்களிடம் ஏஐ இருக்கிறது, பாலிப்பை அதுவே காட்டிவிடும்" என்கிறார்கள். குடலின் உள்சுவரில் வளரும் சின்னக் கட்டிதான் பாலிப்பாம். அதற்குத் தனிப் பணம். ராயபுரத்தில் பார்த்த டாக்டரோ குழாய் முனையில் ஒரு கஃப் மாட்டிப் பார்ப்பாராம். எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

எண்டோஸ்கோபி நர்ஸ், திருவொற்றியூர்:
தம்பி, இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில பாலிப்புகள் குடல் மடிப்புக்குப் பின்னால் ஒளிந்து கேமராவிலேயே விழாது. சிலது திரையில் வந்தும் டாக்டரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒளிந்திருப்பதற்குத்தான் கஃப். சின்ன வளையம், சுற்றிலும் மெத்தென்ற முட்கள். குழாய் உள்ளே போகும்போது முட்கள் படிந்துகொள்ளும். வெளியே இழுக்கும்போது விரிந்து மடிப்புகளை நீவிவிடும், புடவைக் கொசுவத்தை விரலால் விரித்துப் பார்ப்பது மாதிரி. குடலில் சுருக்கமோ கடுமையான புண்ணோ இருந்தால் போட மாட்டார்கள்.

ஏஐ, திரையில் சந்தேகமான இடத்தைச் சுற்றிக் கட்டம் போடும். சில நேரம் வெறும் நுரைக்கும் போடும். கேமராவில் விழாததை அதனாலும் காட்ட முடியாது.

இத்தாலியில் 685 பேரிடம் ஜிஐ ஜீனியஸ் என்ற ஏஐயைச் சோதித்தார்கள். அடினோமா, அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பாலிப், ஏஐ இல்லாமல் பார்த்தவர்களில் 40.4 சதவீதம் பேரிடமும் ஏஐயோடு பார்த்தவர்களில் 54.8 சதவீதம் பேரிடமும் கிடைத்தது, கூடுதலாகக் கிடைத்தவை 10 மில்லிமீட்டருக்கும் சிறியவை. இங்கிலாந்தில் எண்டோகஃப் விஷன் என்ற கஃபை 1,772 பேரிடம் பார்த்ததில் 36.2 சதவீதம் 40.9 ஆனது. ஆட்கள் வேறு என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஆனால் இங்கிலாந்து ஆய்விலேயே, உங்கள் அப்பா மாதிரி மலத்தில் ரத்தம் தெரிந்து வந்தவர்களிடம் 50.9 சதவீதம் 61.7 ஆனது. அதனால் நானாக இருந்தால் ராயபுரத்துக்கே போவேன்.

அதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: "நூறு பேருக்குப் பார்த்தால் எத்தனை பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறீர்கள்? குழாயை வெளியே எடுக்கும்போது எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?" 6 நிமிடத்துக்குக் குறையவே கூடாது. கணக்கு வைத்திருக்கிற டாக்டர் கோபப்பட மாட்டார்.

வியாசர்பாடி அண்ணன்:
பேதி மருந்தை முழுசாகக் குடிக்கச் சொல்லுங்கள் தம்பி. அம்மா காலையில் குடிக்க வேண்டிய பாதியை விட்டுவிட்டார், குடல் சுத்தமாகவில்லை என்று வேறு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

எண்டோஸ்கோபி நர்ஸ், திருவொற்றியூர்:
அண்ணன் சொல்வது முக்கியம். கழிவு மூடிய இடத்தில் கஃபும் உதவாது, ஏஐயும் உதவாது. முந்தின நாள் கீரை, கொய்யா, கேழ்வரகு வேண்டாம். ரோஸ்மில்க்கும் வேண்டாம், அந்தச் சிவப்பு உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

தண்டையார்பேட்டைவாசி:
ரொம்ப நன்றி அக்கா. அப்பா ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிடலாமா?

எண்டோஸ்கோபி நர்ஸ், திருவொற்றியூர்:
நீங்களாக நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள், அதில் ரத்தம் கசியும். அதனால் இதய டாக்டரும் கொலனோஸ்கோபி செய்யும் டாக்டரும் பேசி முடிவு சொல்லட்டும். தேதி வாங்கும்போதே மாத்திரைச் சீட்டைக் காட்டிவிடுங்கள்.