மூன்றாவது மேத்ஸ் பேப்பர் முடிந்த அன்று எங்கள் குடும்பக் குழுவில்

புதன், 2025 ஜூன் 11

(தங்கச்சி இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை எழுதுகிறாள். மாமா அம்மாவின் தம்பி, பள்ளியில் மேத்ஸ் படிப்பிப்பவர்.)

அம்மா: சின்னவள் கடைசி மேத்ஸ் பேப்பரும் எழுதிவிட்டு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து அறைக் கதவைத் திறக்கவில்லை. தம்பி, வேலை முடிந்ததும் நீதான் அவளோடு பேச வேண்டும்.

தங்கச்சி: அழவில்லை அம்மா, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ மூன்று பேப்பருக்கும் விடை போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் 240க்கு 140 அளவில்தான் வரும். பழைய வருடத்துப் பவுண்டரி ஒன்றோடு, அதாவது ஒரு கிரேடுக்கு வேண்டிய குறைந்த புள்ளியோடு, ஒப்பிட்டால் கிரேடு 7 கிடைக்க இன்னும் பத்துப் புள்ளி வேண்டும். அடுத்த இரண்டு வருடம் சிக்ஸ்த் ஃபார்மில் மேத்ஸ் எடுக்க 7 கேட்கிறார்கள். கடைசி இரண்டு கேள்வியும் எனக்குப் புரியவே இல்லை.

மாமா: இப்போதுதான் பள்ளியில் இருந்து வெளியே வந்தேன். முதலில் ஒன்று சொல், உன் வகுப்பில் மற்றவர்களுக்கு அந்தக் கேள்விகள் எப்படி இருந்தனவாம்?

தங்கச்சி: எல்லாருமே கஷ்டம் என்றுதான் சொன்னார்கள் மாமா. 9 எடுப்பான் என்று எல்லாரும் சொல்கிற பையன்கூட.

மாமா: அப்படியென்றால் அந்தப் பழைய பவுண்டரியை இப்போதே மூடி வை. அது வேறு பேப்பருக்குப் போட்டது. உன் பேப்பருக்கான எல்லையை இன்னும் யாரும் கீறவில்லை. விடைத்தாள்களில் பெரும்பகுதி திருத்தி முடிந்த பிறகுதான் கீறுவார்கள். பேப்பர் கடினமாக இருந்தால் எல்லை இறங்கும், சுலபமாக இருந்தால் ஏறும்.

அம்மம்மா (குரல் பதிவு, நான் எழுத்தில் போடுகிறேன்): அது என்ன கதை தம்பி? நம் இலங்கையில் ஓ.எல். பரீட்சையில் 75 எடுத்தால் ஏ, 65 எடுத்தால் பி. சோதனைக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். எழுதி முடித்த பிறகு எல்லை வைத்தால் பிள்ளை எதை நம்பிப் படிப்பது?

மாமா: நல்ல கேள்வி அம்மா. 75 என்று நிலையாக வைத்தால், அந்த வருடம் பேப்பர் போட்டவரின் கை கொஞ்சம் கனத்தாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஏ-யை இழப்பார்கள். பிள்ளைகளில் குறை இருக்காது, கேள்வியில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு கடினத்தில் மேத்ஸ் பேப்பர் போட யாராலும் முடியாது. அதனால் இங்கே புள்ளியை அசைய விட்டு, கிரேடின் மதிப்பை அசையாமல் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

2017இல் புதிய 9 முதல் 1 வரையான கிரேடு வந்தபோது, ஹையர் என்ற கடினமான நிலைப் பேப்பரில் 4 எடுக்க ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகூடத் தேவைப்படவில்லை. அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேப்பர் எவ்வளவு கடினம் என்பதை என் வகுப்பில் நின்று பார்த்தவன் நான்.

நான்: யார் மாமா முடிவு எடுப்பது? கம்ப்யூட்டரா, மனிதர்களா?

மாமா: இரண்டும்தான். ஏ.க்யூ.ஏ., எடெக்ஸல், ஓ.சி.ஆர். என்று பரீட்சை நடத்தும் ஒவ்வொரு போர்டிலும் மூத்த பரீட்சகர்கள் கூடுவார்கள். அவர்களுக்கு முன்னால் இந்த வருட விடைத்தாள்கள் இருக்கும், பழைய வருடங்களில் எல்லையில் நின்ற விடைத்தாள்களும் இருக்கும். கூடவே புள்ளிவிவரமும் வரும். இந்தத் தொகுதிப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் சாட்ஸ் என்ற ஆரம்பப் பள்ளித் தேர்வு எழுதியபோது எப்படி இருந்தார்கள், அப்படிப்பட்டவர்கள் முன்பு 16 வயதில் என்ன எடுத்தார்கள் என்ற கணிப்பு அது. முழுக் கூட்டத்துக்குத்தான் கணிப்பு, தனிப் பிள்ளைக்கு இல்லை. எல்லாப் போர்டும் ஒரே அளவுகோலில் நிற்கின்றனவா என்பதைப் பரீட்சைகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவல் பார்க்கும்.

எல்லா கிரேடுக்கும் அப்படி உட்கார்ந்து பார்ப்பதில்லை. 7, 4, 1 இந்த மூன்றும்தான் முளைக் கம்புகள். பழைய எழுத்துக் கிரேடுகளில் ஏ-யின் அடி 7, சி-யின் அடி 4, ஜி-யின் அடி 1. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வகுத்தல். உதாரணத்துக்கு 7 என்பது 150இலும் 4 என்பது 60இலும் வந்தால் இடைவெளி 90. மூன்றால் வகுத்தால் 30. அப்போது 5 என்பது 90, 6 என்பது 120.

தங்கச்சி: அப்படியானால் 8, 9?

மாமா: 9-க்கு 2017இல் ஒரு சூத்திரம் வைத்தார்கள். 7-உம் அதற்கு மேலும் எடுத்தவர்களின் சதவீதத்தில் பாதியை எடுத்து 7 சதவீதத்தைக் கூட்டு. 20 சதவீதம் பேர் கிரேடு 7 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 கூட்டல் 7, ஆக 17. அந்த 20 சதவீதப் பேருக்குள் 17 சதவீதத்தினருக்கு 9. பிறகு 8 என்பது 7-க்கும் 9-க்கும் நட்டநடுவில்.

பெரியம்மா: வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்னால் குறை நினைக்காதே தம்பி. இது பங்கீட்டு அட்டை மாதிரி இருக்கிறதே? மற்றப் பிள்ளைகள் நன்றாகச் செய்தால் என் பிள்ளை கீழே போவானா?

மாமா: குறை நினைக்க ஒன்றும் இல்லை பெரியக்கா. முன்பு 18 வயதில் எழுதும் ஏ-லெவலில் அப்படித்தான் இருந்தது. 1987 வரை இத்தனை சதவீதம் ஏ, இத்தனை சதவீதம் பி என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அப்படிக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணிப்பை இறுகப் பிடித்தால், ஒரு தொகுதிப் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறினாலும் கிரேடில் அது தெரியாமல் போகலாம். அதற்காகத்தான் 2017இல் இருந்து தேசிய ஒப்பீட்டுத் தேர்வு என்று ஒன்று வைக்கிறார்கள். பரீட்சைக்குச் சில மாதம் முன்பு சில நூறு பள்ளிகளில் நடக்கும். கேள்விகளை வெளியே விடுவதில்லை, வருடா வருடம் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பிள்ளைகள் கூடினார்களா குறைந்தார்களா என்று அதில் பார்க்கலாம்.

என் மனதில் உள்ளதையும் சொல்கிறேன். 16 வயதில் எழுதுகிறவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் 4-க்குக் கீழே நிற்கிறார்கள், பெரும்பாலான வருடங்களில். நவம்பர் மறுதேர்வு வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் படிப்பிக்கிறேன். எல்லையை நியாயமாக வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு புள்ளியில் தவறியவளின் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பெரியம்மா: என் மகன் சுலபமான நிலையான ஃபவுண்டேஷன். அதில் 4-க்குப் பாதிக்கு மேல் வேண்டுமாம், ஹையரில் ஐந்தில் ஒரு பங்கு போதுமாம். இது எப்படிச் சரி?

மாமா: ஒரே 4, வேறு வேறு மலையில் இருந்து அளக்கிறார்கள். ஃபவுண்டேஷனில் உச்சம் 5, ஹையரில் 9 வரை போக வேண்டும், அதனால் அங்கே பாதிக் கேள்விகள் செங்குத்து. இரண்டு பேப்பரிலும் பொதுவான சில கேள்விகளை வைத்திருப்பார்கள். அவற்றில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து இரு 4-ஐயும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். ஹையரில் 4 தவறினால் 3-க்கு ஒரு சின்ன இடம்தான், அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. உங்கள் மகனை ஃபவுண்டேஷனில் போட்டது அவனுக்கு நல்லது.

நான்: ஒரு நிமிடம். 2020இல் ஆறாம் ஆண்டு சாட்ஸ் நடக்கவே இல்லையே. தங்கச்சி அப்போது ஆறாம் ஆண்டு. நான் பதினோராம் ஆண்டு, எனக்கும் பரீட்சை இல்லை, ஆசிரியர்கள் கணித்ததுதான் கிரேடாக வந்தது.

மாமா: ஆமாம், அதே வசந்தகாலம் உங்கள் இரண்டு பேரையும் தொட்டுவிட்டது. இந்த வருடமும் அடுத்த வருடமும் எழுதுகிறவர்களுக்கு அந்த ஆறாம் ஆண்டுக் கணக்கு கிடையாது. அதனால் முந்தைய வருட முடிவுகள், ஒப்பீட்டுத் தேர்வு, விடைத்தாள்கள் போன்றவற்றின் மேல் பாரம் கூடும். பரீட்சகரின் கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. 89-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை விடைத்தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தங்கச்சி: அப்படியென்றால் என் 140 என்ன கிரேடு என்று இப்போது யாருக்கும் தெரியாதா?

மாமா: யாருக்கும் தெரியாது செல்லம். ஆகஸ்ட் 21 காலையில்தான் ரிசல்ட்டோடு எல்லையும் வெளிவரும். உன் 140-உம் உறுதி இல்லை. இணையத்து விடையில் முடிவு மட்டும்தான் இருக்கும், விடை தவறினாலும் செய்த வழிக்குக் கிடைக்கும் வழிமுறைப் புள்ளி அதில் தெரியாது. கடைசிக் கேள்வியில் என்ன எழுதினாய்? உண்மையைச் சொல்.

தங்கச்சி: ஒன்றும் இல்லை மாமா. இரண்டு முக்கோணமும் ஒரே வடிவம் என்று எழுதி, பக்கங்களின் விகிதத்தைச் சமன்பாடாகப் போட்டேன். அதற்கு மேல் போகத் தெரியவில்லை. அண்ணாவுக்கு அனுப்பிய படத்தில் இருக்கிறது.

நான்: இதோ, நினைவில் இருந்து அவள் எழுதிக் காட்டியதின் படம்.

மாமா: இதையா ஒன்றும் இல்லை என்றாய்? அந்த விகிதம்தான் கேள்வியின் கதவு. பெரும்பாலும் இப்படிப்பட்ட கேள்வியில் முதல் வழிமுறைப் புள்ளி அங்கேயே இருக்கும். அதற்கு முந்தைய கேள்வியில் எழுதியதையும் அனுப்பு, இரவு போன் எடுக்கிறேன். கூட்டல் போட்ட அந்தத் தாளை மேசையில் இருந்து எடுத்துவிட்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திற.

தங்கச்சி: திறந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு எடுங்கள் மாமா.