பெற்றோருடன் இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்காவுக்கு ஆர்.வி. பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஹூஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் வரும் பிப்ரவரியில் ஊரிலிருந்து ஹூஸ்டனுக்கு வருகிறார்கள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் அவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஓர் ஆர்.வி.யை (உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட பெரிய பயண வண்டி) வாடகைக்கு எடுத்து, டெக்சஸின் பர்னெட் நகரத்தை அடுத்துள்ள இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்காவில் சில இரவுகள் தங்க விரும்புகிறோம். நாங்கள் மொத்தம் ஆறு பேர். மூத்த மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அப்பா, அம்மா இருவருமே எழுபதை நெருங்குகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

கூடாரத்தில் தங்குவது அவர்களுக்கு ஒத்துவராது. இரவில் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதுதான் ஆர்.வி. எடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததற்கு முதல் காரணம். ஆனால் எங்கள் இருவருக்குமே இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டிப் பழக்கமில்லை. வாடகை நிறுவனங்களின் பக்கங்களைப் பார்த்தால் 25 அடி வண்டிக்கும் 30 அடி வண்டிக்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பெரியதையே எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. இதற்குத் தனி ஓட்டுநர் உரிமம் தேவையா? பூங்காவில் இடத்தை எப்போது பதிவு செய்ய வேண்டும்? தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றை அங்கே எப்படிச் சமாளிப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மலைநாட்டுப் பயணி

வணக்கம் நண்பரே. வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு இடத்தைத் தேடுவதைவிட, இடத்தை முதலில் பிடித்துவிட்டு அதற்கு ஏற்ற வண்டியைத் தேடுவதே நல்லது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் முகாமிடங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். மார்ச் விடுமுறையில் இங்க்ஸ் ஏரிக்குக் கூட்டம் அதிகமாக வரும். ஆகவே நீங்கள் அக்டோபரிலேயே, பதிவு திறக்கும் நாளிலேயே, இணையதளத்தின் முன் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு சைட்டில் (முகாமிடத்தில்) எட்டுப் பேர் வரை தங்கலாம் என்பதால் உங்கள் குடும்பத்துக்கு ஒரே சைட் போதும். பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் எவ்வளவு நீள வண்டி நிற்கலாம், மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்பனவெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். ஏரியை ஒட்டிய சைட்டைத் தேடும்போது, கழிப்பறைக் கட்டடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்; அதன் தேவை அங்கே போன பிறகுதான் புரியும்.

எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் தனியே உண்டு. 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இல்லை. ஆண்டு முழுவதும் இதுபோன்ற பூங்காக்களுக்குச் செல்லும் எண்ணம் இருந்தால், டெக்சஸ் மாநிலப் பூங்கா பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரே வண்டியில் வரும் அனைவருக்கும் அது நுழைவுக் கட்டணத்தை ஈடுசெய்யும். சைட் வாடகை அதில் அடங்காது.

உரிமத்தைப் பொறுத்தவரை, 26,000 பவுண்டுக்கு மேற்படாத எடைத் தகுதி கொண்ட வண்டியை உங்களிடம் உள்ள சாதாரண கிளாஸ் சி உரிமத்தோடு ஓட்டலாம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்.வி.க்களையும் கிளாஸ் சி என்றே அழைப்பார்கள். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அவைதான். அவை இந்த வரம்புக்கு வெகுகீழே இருப்பவை. என் கருத்தில் 25 அடி வண்டியே உங்களுக்குப் போதுமானது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் உடல் எவ்வளவு நீள்கிறதோ, திரும்பும்போது வால் பகுதி அவ்வளவு வெளியே வீசும். பெட்ரோல் நிலையத்தின் காவல் கம்பத்தில் இடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைப் பார்த்துத் திருப்பியவர்கள்தான். வண்டியின் உயரம் 11, 12 அடி வரும். அந்தச் சரியான அளவை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். பூங்காவின் ஓக் மரக்கிளைகள் சில இடங்களில் தாழ்ந்திருக்கும். பின்னோக்கி நிறுத்தும்போது ஒருவர் கீழே இறங்கி, தரையை மட்டும் அல்லாமல் மேலேயும் பார்த்துக்கொண்டு வழிகாட்ட வேண்டும்.

வழியைப் பற்றியும் ஒரு சொல். பர்னெட்டிலிருந்து நெடுஞ்சாலை 29 வழியாக மேற்கே ஒன்பது மைல் சென்று, பார்க் ரோடு 4-இல் தெற்கே திரும்பினால் மூன்று மைலில் பூங்கா வந்துவிடும். கைப்பேசி வழிகாட்டி சில சமயம் நெடுஞ்சாலை 281-இலிருந்து லாங்ஹார்ன் குகைப் பக்கமாக அதே பார்க் ரோடில் நுழையச் சொல்லும். அந்த வழி அழகானதுதான், ஆனால் வளைவும் ஏற்ற இறக்கமும் உடையது, புதிதாக ஆர்.வி. ஓட்டுபவர் அதைத் தவிர்க்கலாம். சைட் பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்தி முடிக்கும்படி ஹூஸ்டனிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள்.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது இதுதான்: உங்கள் காரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஏழு பேர் படுக்கலாம் என்று விளம்பரப்படுத்தும் வண்டியில் ஏழு சீட் பெல்ட் இருந்தாலும், சாப்பாட்டு மேசைப் பக்கத்து இருக்கைகளில் பெரும்பாலும் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும், தோள் பெல்ட் இருக்காது. பிள்ளைகளை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேண்டும். டெக்சஸ் சட்டப்படி எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை, 4 அடி 9 அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் தவிர, குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும். பிள்ளைகளும் பெற்றோரும் காரில் வசதியாக வரட்டும், ஆர்.வி.யில் ஒருவர் ஓட்ட, தேவையானால் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே போய்த் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் பூட்டிய பிறகு ஆர்.வி. என்பது வண்டி அல்ல, வீடு. நள்ளிரவில் அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்றால் அந்த வீட்டைக் கிளப்பிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக முடியாது.

பதில்: கொதிகலன்

மேலே சொல்லப்பட்டது அனைத்தும் சரி. நான் மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

25 அடி வண்டிக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்புதான் இருக்கும். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட். மின்சாரக் கெட்டிலோ சிறிய அறைச்சூடாக்கியோ 1,500 வாட் எடுத்துக்கொண்டால், அது ஒன்றே 12.5 ஆம்பியர். மார்ச் மாத அதிகாலையில் மலைநாட்டில் குளிர் இருக்கும். அப்பாவுக்காகச் சூடாக்கியைப் போட்டுவிட்டு, காபிக்காகக் கெட்டிலையும் போட்டு, அதே நேரத்தில் யாராவது மைக்ரோவேவில் பாலைச் சுட வைத்தால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். வண்டியிலேயே புரொப்பேன் வாயுவில் இயங்கும் சூடாக்கி உண்டு. இரவில் அதையே நம்புவது மேல். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சியை அங்கே செருகிப் பயனில்லை. மாவையும் சட்னியையும் வீட்டிலேயே அரைத்து எடுத்துச் செல்லுங்கள். தாளிப்பை வெளியே, சைட்டில் உள்ள மேசையின் மீது கேஸ் அடுப்பு வைத்துச் செய்வது நல்லது. மிளகாய் நெடி நுழைந்த அந்தச் சிறிய அறையில் புகை அலாரம் அலறத் தொடங்கினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

சைட்டில் உள்ள மின் இணைப்புக் கம்பத்தில் மின்கம்பியைச் செருகுவதற்கு முன் அங்குள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட வேண்டும். தண்ணீர்க் குழாயை இணைக்கும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். குடிநீருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஹோஸைத்தான் பயன்படுத்த வேண்டும். இவை இரண்டும் வாடகையோடு வருகின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநிலப் பூங்காக்களின் பெரும்பாலான சைட்டுகளில் தண்ணீரும் மின்சாரமும் உண்டு, கழிவுநீர் இணைப்பு கிடையாது. ஆகவே உள்ளே பயன்படுத்தும் தண்ணீர் முழுவதும் வண்டியின் தொட்டிகளில்தான் தேங்கும். குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் கிரே டேங்கிலும், கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்கிலும் சேரும். கிரே டேங்கின் கொள்ளளவு பொதுவாக 30, 40 காலன். ஷவரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 காலன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடக் குளியல் நான்கு பேருக்கு நடந்தாலே தொட்டி நிரம்பிவிடும். அதனால் பெரியவர்களும் பிள்ளைகளும் பூங்காவின் குளியலறைக் கட்டடத்தில் குளிப்பதும், வண்டியின் கழிப்பறையை இரவுக்கென்று ஒதுக்கிவைப்பதும் நல்லது. வண்டியின் கழிப்பறையில் வேகமாகக் கரையும் காகிதத்தை மட்டுமே போட வேண்டும். பிளாக் டேங்கின் வால்வை எக்காரணம் கொண்டும் திறந்தே வைக்காதீர்கள். திரவம் மட்டும் ஓடிவிட்டால் திடக்கழிவு உள்ளேயே குவிந்து இறுகிவிடும்.

கிளம்பும் நாளில், தொட்டிகளின் கழிவைக் கொட்டுவதற்கான டம்ப் ஸ்டேஷனில் கையுறை அணிந்துகொண்டு, பருமனான குழாயின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தரையில் உள்ள துளையிலும் இறுகப் பொருத்துங்கள். முதலில் பிளாக் வால்வை இழுங்கள். ஓட்டம் நின்றதும் அதை மூடிவிட்டு கிரே வால்வைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் குழாயைத் தானே கழுவிவிடும். வரிசையை மாற்றினால் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யத் தனி வேலை ஆகும். அங்கே கழுவுவதற்கென்று வைக்கப்பட்டுள்ள குழாயிலிருந்து குடிநீர்த் தொட்டியை நிரப்பவே கூடாது. சைட்டைக் காலி செய்யும் நேரம் நண்பகல் என்பதால் ஞாயிறு காலை 11 மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும். காலைப் பலகாரம் முடிந்தவுடன் போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஹூஸ்டன்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காரையும் எடுத்துச் செல்வது என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள். 2025 ஜூலையில் குவாடலூப் ஆற்று வெள்ளத்தைப் பார்த்த பிறகு நீர்நிலைக்கு அருகில் தங்குவதை நினைத்தாலே அம்மா கலங்குகிறார்; இந்த ஏரி எப்படிப்பட்டது? அப்பாவுக்கு மீன்பிடிக்க ஆசை. அதற்கு உரிமம் வாங்க வேண்டுமா? பூங்காவிலேயே குடிசை போன்ற கேபின்கள் இருப்பதாகவும் ஒரு நண்பர் சொன்னார். அது மேலா?

பதில்: கரையோரம்

கேபினிலிருந்து தொடங்குகிறேன். அங்குள்ளவை உள்ளே கழிப்பறை இல்லாத எளிய கேபின்கள். இரவில் இருட்டில் நடக்கக் கூடாது என்பதே உங்கள் முதல் தேவை என்பதால் ஆர்.வி.தான் பொருத்தம். பெற்றோருக்குப் பின்பக்கத்து நிலையான கட்டிலைக் கொடுங்கள்; ஓட்டுநருக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதால் அது மகனுக்கு. வாசற்படி உயரமாக இருக்கும், அம்மாவின் முழங்காலை முன்னிட்டு உறுதியான கைப்பிடி உள்ள வண்டியா என்று நேரில் சென்று, அவரைப் போலவே ஏறி இறங்கிப் பாருங்கள்.

அம்மாவின் கலக்கம் நியாயமானது. மத்திய டெக்சஸில் மண் ஆழமில்லாமல் பாறை அருகிலேயே இருப்பதால், பெருமழை நிலத்தில் ஊறாமல் அப்படியே ஓடைகளுக்குப் பாய்ந்துவிடுகிறது. 2018 அக்டோபரில் லானோ ஆறு பெருகி, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கிங்ஸ்லாண்டில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றையே அடித்துச் சென்றது. இங்க்ஸ் ஏரி, கொலராடோ ஆற்றில் புக்கானன் அணைக்குக் கீழே அமைந்த சிறிய நீர்த்தேக்கம். சாதாரண நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதைக் காரணமாகக் கொண்டு மழைநாளில் மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பையும், பூங்காவின் பக்கத்தில் உள்ள மூடல் அறிவிப்புகளையும் பாருங்கள். இரவில் கைப்பேசியின் அவசர எச்சரிக்கையை அணைத்துவைக்காதீர்கள். சிக்னலை மட்டும் நம்பாமல் பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெளியேறச் சொன்னால் ஆர்.வி.யை அப்படியே விட்டுவிட்டு ஆறு பேரும் காரில் ஏறிவிட வேண்டும், வண்டி போனால் காப்பீடு பார்த்துக்கொள்ளும். கார்ச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். அவருக்குத் தைரியமாக இருக்கும்.

மார்ச்சில் ஏரி நீர் குளிர்ந்தே இருக்கும். உயிர்காப்பாளர்கள் கிடையாது. டெவில்ஸ் வாட்டர்ஹோல் என்னும் பகுதியில் இளைஞர்கள் பாறையிலிருந்து குதிப்பதைப் பார்த்து மகனுக்கும் ஆசை வரலாம், முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். அந்த இளஞ்சிவப்புப் பாறை 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை வகையைச் சேர்ந்தது என்பதை அவனுக்குச் சொல்லி, கரையிலிருந்தே காட்டலாம். கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகை எடுத்தால் 13 வயதுக்குட்பட்டவர்கள் உயிர்காப்பு உடை அணிந்தே தீர வேண்டும் என்பது சட்டம், பெரியவர்களும் அணியுங்கள்.

அப்பாவுக்கு நல்ல செய்தி: டெக்சஸ் மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. அளவு, எண்ணிக்கை வரம்புகள் மட்டும் பொருந்தும். பல பூங்காக்களில் தூண்டிலை இரவலாகத் தருகிறார்கள் என்பதால் உள்ளே நுழையும்போதே அலுவலகத்தில் கேளுங்கள். மேடையில் உட்கார மடக்கு நாற்காலி ஒன்றையும் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.