பிள்ளை ரத்தத்தில் லெட்: ஜன்னலையும் பாருங்கள், ஊரிலிருந்து வந்த பெட்டியையும் பாருங்கள்

தம்பி, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் லெட், அதாவது காரீயம், டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒட்டிய தூசியே எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். அப்போதும் 6 என்றால் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவில் 2021லிருந்து 3.5ஐத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள். மருந்து கொடுத்து வெளியேற்றுவதெல்லாம் பொதுவாக 45க்கு மேல்தான். அதனால் இப்போதைக்கு வைத்தியம் என்றால், வரும் வழியை அடைப்பதுதான்.

வீடு 1978க்கு முன் கட்டியதா? அப்படியென்றால் பெயின்ட்டில் லெட் இருக்கலாம் என்ற தாளை ஓனர் வாடகை ஒப்பந்தத்தோடு உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்தான் மோசம். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் பழைய பெயின்ட் உரசி, மாவு மாதிரி ஜன்னல் திட்டில் படியும். பிள்ளை அதில் கை வைத்து நின்று வேடிக்கை பார்க்கும், அதே கை வாய்க்குப் போகும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள், வீடு முழுக்கப் பரவிவிடும். அதற்கென்று சான்றிதழ் வாங்கிய ஆளை ஓனர்தான் அனுப்ப வேண்டும். சமையலுக்கும் பாலுக்கும் குழாயில் சுடுதண்ணீர் பிடிக்க வேண்டாம், பச்சைத் தண்ணீரைப் பிடித்துச் சுட வையுங்கள். கொதிக்க வைத்தால் லெட் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது.

அப்புறம் நம்ம பெட்டி. டெல்டாக்காரர்கள் யார் வந்தாலும் கும்பகோணத்தில் வாங்கிய ஈயச்சொம்பு ஒன்று கூடவே வரும். சுத்தமான வெள்ளீயம் என்றால் பயமில்லை. மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால், புளிக்கரைசல் கொதிக்கக் கொதிக்க ரசத்தில் இறங்கும். கையில் எடுத்துப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. பாட்டி காலத்துச் சொம்பு என்று அம்மா வருத்தப்படுவார்கள். இருந்தாலும் அலமாரியில் ஏற்றிவிடுங்கள், ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களும் அப்படித்தான். இறக்குமதியான சிலவற்றிலிருந்து லெட் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025ல் எச்சரித்தது.

சில்லறையாக வாங்கிய மஞ்சள்தூளையும் சந்தேகப்படுங்கள். பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பது உண்டு. குங்குமம், டப்பா மை, சாமி அறையில் இருக்கும் செந்தூரம் எல்லாம் பிள்ளை கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். கண்ணேறு படும் என்று பாட்டி சொன்னால், இங்கே டாக்டர் திட்டுவார் என்று சொல்லிச் சமாளியுங்கள். நாட்டு மருந்து, பற்பம் எது கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்பதே காரீயத்தில் செய்வது.

வெறும் வயிற்றில் லெட் அதிகம் ஏறும், அதனால் பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தாலும் அதேதான். கேழ்வரகுக் கூழ், பருப்பும் கீரையும், தயிர், கூடவே ஆரஞ்சு ஒரு சுளை போதும்.

மூன்று மாதத்துக்குள் மறுபடி ரத்தம் பாருங்கள். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தாலோ, மனைவி முழுகாமல் இருந்தாலோ அவர்களுக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.